அம்மாவின் நிறம்

கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம் என்று வண்ணப் படங்கள் அலமாரி நிறைய இருந்தாலும், பெரும்பாலான வீடுகளில் கூடத்துச் சுவரில் இடம் பிடித்திருப்பது பழைய கறுப்பு - வெள்ளைப் படங்கள்தான். தாத்தா, பாட்டி, பார்க்கக் கொடுத்து வைக்காத மாமனார் என்று எல்லோரும் அதில்தான் இருக்கிறார்கள். ஈரத்திலும் புகையிலும் அந்தப் படங்கள் வருஷத்துக்கு வருஷம் மங்கி வருவதைப் பார்த்து, "ஒரு காப்பி போட்டு வைக்கணும்" என்று நாம் எல்லோருமே சொல்லிக் கொள்கிறோம். இப்போது பல வீடுகளில் பிள்ளைகளின் படிப்புக்காக வாங்கிய பிரிண்டர் இருக்கிறது. வண்ணப் படமே போடுகிறதே, கறுப்பும் வெள்ளையும் போட அதற்கு என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும்.

கஷ்டம் இருக்கிறது, சகோதரிகளே! வண்ணப் படத்தில் புடவை கொஞ்சம் கூடுதலாகச் சிவந்து விட்டால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டுப் பச்சை கலந்தாலோ, பார்த்தவுடனே கண் சொல்லிவிடும். வீட்டுப் பிரிண்டருக்கு மிகவும் சங்கடமான நிறம் சாம்பல்தான். முகம் என்பதே அந்தச் சாம்பலில்தான் இருக்கிறது.

என் அம்மா 1970-இல் காலமானபோது எனக்கு நாலு வயது. முகம் நினைவில்லை. அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1961-இல், என் பெரிய அண்ணன் கைக்குழந்தையாக இருந்தபோது ஸ்டூடியோவில் எடுத்தது. மூன்று அங்குல அகலம், நாலு அங்குல உயரம். நாற்காலியில் ஒரு கையை ஊன்றி நிற்கிறாள். ஒற்றைக்கல் மூக்குத்தி, நெற்றியில் வட்டப் பொட்டு, தோளுக்கு முன்னால் எடுத்து விட்ட பின்னல். அவ்வளவுதான் எங்கள் நாலு பேருக்கும் மிஞ்சிய அம்மா.

சுமங்கலியாகப் போனவள் என்பதால் வருஷா வருஷம் பெரிய அண்ணன் வீட்டில் புதுப் புடவை வைத்துப் படையல் போடுவோம். "ஆளுக்கொரு படம் இருந்தா அவங்கவங்க வீட்டிலேயும் வெச்சுக் கும்பிடலாமே" என்று அக்கா சொன்னாள். டவுனில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கினோம். படம் பளபளவென்று வந்தது. ஆனால் அதிலே நின்றது யாரோ ஒரு சினிமா நடிகை! கன்னம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. கண்ணுக்குக் கீழே இருந்த நிழலைக் காணோம். மூக்குத்தியைத் தூசி என்று நினைத்தார்களோ என்னவோ, அதையும் துடைத்து எடுத்து விட்டார்கள்.

அம்மாவின் கூடப் பிறந்த தங்கை, எங்கள் சித்தி, எண்பதைத் தாண்டியவர். படத்தைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "யாரும்மா இது?" என்றார்.

"அம்மாதான் சித்தி."

"எங்க அக்கா இவ்வளவு செவப்பு இல்லியே" என்று திருப்பிக் கொடுத்து விட்டார்.

கடைக்காரரைக் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தாங்க கேக்கறாங்க. வெளுப்பா இருந்தாத்தான் பிடிக்குது" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பெண் பார்க்க அனுப்பும் படத்தை வெளுக்கச் சொல்வது நாம்தானே! இப்போது செல்போனே கேட்காமல் முகத்தை வழவழப்பாக்கி விடுகிறது. உயிரோடு இருப்பவர் என்றால் படம் எப்படி இருந்தாலும் ஆளைப் பார்த்துக் கொள்ளலாம். இல்லாதவர்களுக்குப் படம்தானே ஆள்? அம்மாவை அவள் நிறத்திலேயே, அவள் மூக்குத்தியோடு காகிதத்தில் கொண்டு வர வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்து விட்டது.

பாட்டி பச்சையாக வந்தாள்

பேரனின் பாடத்தாள்களை அச்சடிக்க 2020-இல் வாங்கிய பிரிண்டர் வீட்டில் இருந்தது. மை ஊற்றிக் கொள்ளும் தொட்டி வைத்த ரகம். மேல் மூடியைத் திறந்தால் ஸ்கேனரும் உண்டு. என் பெண் படத்தை ஸ்கேன் செய்து, பளபளப்புப் போட்டோ தாளில் ஒரு பிரிண்ட் எடுத்தாள். எடுத்தவள் உள்ளே இருந்து கத்தினாள்: "அம்மா, பாட்டி பச்சையா வந்துட்டாங்க!"

நிஜமாகவே டியூப் லைட்டில் பார்த்தால் பாசி படிந்த மாதிரி இருந்தது. அதையே வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் பார்த்தால் லேசாகச் சிவந்தது. ஒரே தாள், இரண்டு நிறம்!

என் கணவரின் நண்பர் ஒருவர், இருட்டறையில் முப்பது வருஷம் படம் கழுவிப் போட்டவர், வீட்டுக்கு வந்திருந்தார். அவர் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கி, அந்தத் தாளை என்னிடமே காட்டினார். அம்மாவின் கன்னம் முழுக்க நீலம், ரோஸ், மஞ்சள் புள்ளிகள். கறுப்புப் புள்ளியே இல்லை!

"பாத்தீங்களாம்மா? அந்தக் காலத்துப் படத்திலே சாம்பல்னா அது வெள்ளியோட பொடி. காகிதத்து மேலே வெள்ளி எங்கே நெருக்கமா இருக்கோ அங்கே கறுப்பு, கலைஞ்சு இருக்கிற இடத்திலே சாம்பல். இந்த மெஷினுக்கு அது தெரியாது. மூணு கலரைக் கலந்துதான் சாம்பல் பண்ணுது. ஒண்ணு ஒரு பொட்டு கூடினாலும் போச்சு" என்றார்.

சாம்பார்ப் பொடிக்குச் சாமான் வறுக்கிற நமக்கு இது புரியாதா? மிளகாயும் மல்லியும் கூடக் குறையப் போனால் பொடியின் நிறமே மாறிவிடும். இங்கே அளவு இன்னும் நுணுக்கம். பிரிண்டர் துப்பும் ஒரு துளி மை சில பைகோ லிட்டர்தான். ஒரு பைகோ லிட்டர் என்றால் ஒரு லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. மூன்று மைகளில் ஒன்றின் துவாரம் அடைத்துக் கொண்டாலும், வேறு கம்பெனி மையை ஊற்றினாலும், காகிதத்தை மாற்றினாலும் கலவை ஒரு பக்கம் சாய்ந்து விடும். மேலே விழும் வெளிச்சம் மாறினால் ஒவ்வொரு மையும் ஒவ்வொரு விதமாக அதற்குப் பதில் சொல்லும். டியூப் லைட்டில் பச்சையும் வெயிலில் சிவப்பும் தெரிந்தது இதனால்தான்.

அப்படியானால் கறுப்பு மை எங்கே போயிற்று? எங்கள் பிரிண்டரில் கறுப்பு மை மட்டும் கரித்தூள் கலந்த ரகம். மற்ற மூன்றும் சாய மை. கரித்தூள் மை வழவழப்பான தாளில் ஊறாது; தேய்த்தால் கையோடு வந்து விடும். அதனால் போட்டோ தாள் என்று சொன்னவுடனே பிரிண்டர் கறுப்பை ஒதுக்கி வைத்து விட்டு, வண்ண மைகளைக் கொண்டே சமாளித்திருக்கிறது. எல்லாப் பிரிண்டரும் இப்படியல்ல. சிலவற்றில் நாலுமே சாய மை. அவை பளபளப்புத் தாளிலும் கறுப்பைப் போடும். உங்களுடையது எந்த ரகம் என்று கூட வந்த புத்தகத்தில் பாருங்கள். இல்லாவிட்டால் பூதக்கண்ணாடியே சொல்லிவிடும்.

கரியே நல்ல மை

வழி தெரிந்து விட்டது. வண்ண மைகளை எவ்வளவு குறைவாகச் சேர்க்கிறோமோ அவ்வளவுக்குச் சாம்பல் சாம்பலாக இருக்கும். பளபளப்புத் தாளை விட்டு விட்டு, மாவு பூசினாற் போல மங்கலாக இருக்கும் மாட் போட்டோ தாள் வாங்கினோம். கரித்தூள் மை அதில் நன்றாக ஒட்டும். பிரிண்ட் கொடுக்கும் இடத்தில் கிரேஸ்கேல் என்பதையும், தரத்தில் உயர்ந்ததையும் தேர்ந்தெடுத்தோம். பொதுவாக எந்தத் தாள் வைக்கிறோமோ அதையே பிரிண்டரிடமும் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் பிரிண்டர், மாட் தாள் வைத்துவிட்டு 'ப்ளெயின் பேப்பர்' என்று சொன்னால்தான் கறுப்பு மையை மட்டும் எடுத்தது. இது பிரிண்டருக்குப் பிரிண்டர் மாறும். சின்னத் துண்டு ஒன்றில் போட்டுப் பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள்.

கறுப்பு மை மட்டும் போட்ட படத்தில் ஒரு சிறு குறை உண்டு. கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கன்னத்தில் நுண்ணிய புள்ளிகள் தெரியும். சுவரில் மாட்டி இரண்டடி தள்ளி நின்றால் தெரியாது. புதிதாகப் பிரிண்டர் வாங்கப் போகிறவர்கள், கறுப்போடு சாம்பல் மைக்கும் தனித் தொட்டி உள்ளதா என்று கேட்டு வாங்கினால் அந்தக் குறையும் இருக்காது. 2005-இலேயே எப்சன் கம்பெனி போட்டோக்காரர்களுக்கான பிரிண்டரில் கறுப்பு, இளங்கறுப்பு, அதனிலும் இளங்கறுப்பு என்று மூன்று தர மைகளை வைத்தது. சாம்பல் மை வைத்த தொட்டிப் பிரிண்டர்கள் இப்போது வீட்டு உபயோகத்துக்கும் கிடைக்கின்றன.

கரி மைக்கு இரண்டு நல்ல குணங்களும் உண்டு. சாய மை வெளிச்சத்தில் சீக்கிரம் வெளிறும். கரி லேசில் மங்காது. மேலும் கரிக்கு இயல்பாகவே இளம் பழுப்புச் சாயல் உண்டு. அந்தக் காலத்தில் விளக்குக் கரியில் கண்மை கூட்டுவார்களே, அதே குலம்தான்! பழைய படத்துக்கு அந்தச் சாயல் அழகாகவே பொருந்தியது.

ஸ்கேன் செய்யும்போது

நல்ல பிரிண்டுக்கு ஆரம்பம் நல்ல ஸ்கேன். கண்ணாடியில் ஒட்டிக் கொண்ட படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள். படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே கண்ணாடியோடு வைத்து நிழல் விழாமல் போட்டோ எடுத்துக் கொள்ளுங்கள். தனியாக இருக்கும் படத்தை மெல்லிய தூரிகையால் தூசு தட்டி, 600 டி.பி.ஐ. அளவில் ஸ்கேன் செய்யுங்கள். மூன்றங்குல அகலத்துக்கு 1800 புள்ளிகள் கிடைக்கும். அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி போதும் என்பதால், ஆறங்குல அகலம் வரை தெளிவாகப் பெரிதாக்கலாம்.

ஸ்கேனரில் 'தூசி நீக்கு', 'தானாகத் திருத்து' என்கிற வசதிகள் இருந்தால் அணைத்து விடுங்கள். மூக்குத்திக்கும் தூசிக்கும் மெஷினுக்கு வித்தியாசம் தெரியாது! இன்னொரு யுக்தி: படம் கறுப்பு - வெள்ளையாக இருந்தாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் அதைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று படலமாகப் பிரித்துப் பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் 'கிம்ப்' என்ற மென்பொருளே இதைச் செய்யும். மஞ்சள் கறை நீலப் படலத்தில்தான் அதிகம் தெரியும். சிவப்புப் படலத்தில் அநேகமாகத் தெரியாது. அந்தச் சிவப்புப் படலத்தை மட்டும் எடுத்துக் கொண்டபோது, அம்மாவின் நெற்றியில் இருந்த அறுபது வருஷக் கறை கையால் துடைத்த மாதிரிப் போயிற்று.

திரை ஒன்று காட்டும், காகிதம் ஒன்று காட்டும்

கம்ப்யூட்டரில் பளிச்சென்று இருந்த படம் காகிதத்தில் இருட்டாக வருகிறதே என்று பலர் அலுத்துக் கொள்வார்கள். திரை தானே ஒளி விடுவது. காகிதம் தன் மேல் விழும் வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டும் எப்படி ஒத்துப் போகும்? ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துக் கொண்டு, திரையின் வெண்மையும் தாளின் வெண்மையும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரிகிற வரை திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். பாதித் தொல்லை அதிலேயே தீர்ந்து விடும்.

நிறத்தைச் சரி செய்யும் வேலையைக் கம்ப்யூட்டரும் செய்யும், பிரிண்டரும் செய்யும். இருவரில் ஒருவருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். மாமியாரும் மருமகளும் ஆளுக்கொரு தரம் உப்புப் போட்ட ரசம் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியுமே!

அடுத்தது சாம்பல் பட்டை. இருட்டறைக்காரர் சொல்லிக் கொடுத்ததில் எனக்கு மிகவும் உதவியது இதுதான். வெள்ளையில் தொடங்கிப் பத்துப் பத்துச் சதவீதமாகக் கூட்டிக் கறுப்பு வரை மொத்தம் 11 கட்டங்கள் வரைந்து அச்சடியுங்கள். ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக் கட்டத்திலிருந்து தனியாகத் தெரிய வேண்டும். எங்களுக்கு 80, 90, 100 மூன்றும் ஒரே கறுப்பாகச் சேர்ந்து விட்டன. அப்படியே விட்டிருந்தால் அம்மாவின் பின்னல், கழுத்து நிழல், கறுப்பு ரவிக்கை மூன்றும் ஒரே மைக்கட்டியாகியிருக்கும். மென்பொருளில் 'கர்வ்ஸ்' என்று ஒரு வளைகோடு இருக்கும். அதில் இருண்ட பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, பட்டையைத் திரும்பத் திரும்பப் போட்டோம். நாலாவது தடவை 11 கட்டமும் தனித்தனியாக நின்றன. அந்த வளைகோட்டைப் பெயர் கொடுத்துச் சேமித்து வைத்தால், அதே மைக்கும் அதே தாளுக்கும் எப்போதும் உதவும்.

ஒன்று சொல்ல மறக்கக் கூடாது. அச்சான தாளை உடனே பார்த்து முடிவு செய்யாதீர்கள். மை உலர உலர நிறம் மாறும். ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மாதக் கணக்கில் சும்மா இருந்த பிரிண்டர் என்றால், முதலில் துவாரங்களைச் சோதிக்கும் 'நாசில் செக்' தாளைப் போடுங்கள். வாரம் ஒரு தரம் ஏதாவது ஒரு பக்கம் அச்சடித்துக் கொண்டிருந்தால் அடைப்பே வராது.

சித்தி காட்டிய நம்பர்

பட்டை சரியாகி விட்டது. ஆனால் அம்மாவின் நிறம் எந்தக் கட்டம்? அது எனக்கும் தெரியாது, பட்டைக்கும் தெரியாது. அந்தப் படத்தில் பொட்டுக்கூடக் கறுப்பாகத்தான் இருக்கிறது. சிவப்பைச் சரியாகப் பார்க்காத பிலிம்கள் அக்காலத்தில் உண்டு. அவற்றில் குங்குமம் கறுத்து விழும், மாநிறம்கூட இருண்டு போகும் என்றார் இருட்டறைக்காரர். ஆகவே பழைய படத்தை அப்படியே நம்பி விடவும் முடியாது.

அம்மாவின் முகத்தை மட்டும் சின்னதாக வெட்டி, ஒன்றைவிட ஒன்று சற்றே இருட்டாக ஐந்து முகங்களை ஒரே தாளில் அச்சடித்து, கீழே பென்சிலால் நம்பர் போட்டோம். இருட்டறையிலும் நல்ல தாளை வீணாக்காமல் இப்படித்தான் சோதனைத் துண்டு போடுவார்களாம். மறுநாள் அதை எடுத்துக் கொண்டு சித்தி வீட்டுக்குப் போனேன். கண்புரை ஆபரேஷன் ஆனவர். திண்ணையில் நல்ல பகல் வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கையில் கொடுத்தேன்.

ஒன்றையும் இரண்டையும் விரலால் மூடினார். "இது கடைக்காரன் அக்கா" என்றார். ஐந்தாவதைப் பார்த்து, "இவ்வளவு இல்லே" என்றார். மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறிப் போய்க் கடைசியில் விரல் நாலில் நின்றது.

"இதுதான். மாநிறத்துக்கும் ஒரு பிடி கூட. அடுப்படியிலேர்ந்து வந்து வேர்வையைத் துடைச்சிட்டு நின்னா மினுமினுன்னு இருக்கும் மூஞ்சி. நீ குழந்தையிலே அந்த மூக்குத்தியைத்தான் பிடிச்சுப் பிடிச்சு இழுப்பே."

இதை எனக்கு யாரும் இதுவரை சொன்னதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், ஒரு சாம்பல் முகத்தைப் பார்த்த பிறகுதான் சித்திக்கு அது ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக் கொண்டு நாலாம் நம்பரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டேன். அந்த நம்பரிலேயே ஆறுக்கு எட்டு அளவில் ஐந்து பிரதிகள் அடித்தோம். எங்கள் நாலு பேருக்கு நாலு, சித்திக்கு ஒன்று.

மாட்டுவதற்கு முன்

படத்தை எந்த இடத்தில் மாட்டப் போகிறீர்களோ, அந்த இடத்து வெளிச்சத்திலும் ஒரு தடவை பாருங்கள். பூஜை அறையின் மஞ்சள் பல்பில் எந்தப் படமும் சற்று இருண்டுதான் தெரியும். தேவையானால் அந்த இடத்துக்கென்று அரைப் பங்கு வெளுப்பாக ஒன்று போட்டுக் கொள்ளலாம். கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். ஈரக் காலத்தில் ஒட்டிக் கொள்ளாது. சந்தனம், குங்குமம் எல்லாம் கண்ணாடி மேல் வைப்பதோடு சரி. ஊதுபத்தியும் விளக்கும் நேர் கீழே வேண்டாம். மிச்சமான தாளை மூடிய உறையிலேயே வையுங்கள். நம் ஊர் மழைக்காலத்து ஈரத்தில் தாள் நமுத்தால் மை பரவும்.

ஸ்கேன் செய்த மூலத்தைத் திருத்தாமல் தனியாக ஒரு பிரதி வைத்துக் கொள்ளுங்கள். அதை வீட்டுக்கு வெளியே இருக்கும் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். படத்தின் பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று மெல்லிய பென்சிலால் எழுதுங்கள்.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மையும் தாளும் எப்போதும் கடையில் கிடைக்கும். பட்டையைப் போட்டுப் பார்த்துச் சரி செய்ய அடுத்த வருஷமும் முடியும். "இதுதான் அவள் நிறம்" என்று விரல் வைத்துச் சொல்லக் கூடியவர்களுக்கு மட்டும் வயது ஏறிக் கொண்டே போகிறது. பெட்டியில் இருக்கும் பழைய படங்களை இந்த வாரமே எடுத்து, வீட்டில் மூத்தவர் யாரோ அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள்.